நிலாவில் ஊர் எது, காலனி எது?

(நாராயணவனத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு நேற்றே இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "கல்யாண வெங்கடேசர் ஊருக்கு வந்து பத்மாவதி கல்யாணத்தைப் பேசாமல், நிலாவில் குடித்தனம் நடத்துகிற நாவலைப் பற்றிப் பேசப் போகிறாயாமே, இது பொருத்தமா?" என்று கேட்டார்கள். பொருத்தம்தான். ஆண்டவன் பெண் கேட்டு வந்த ஊர் இது என்று தலபுராணம் சொல்கிறது. பெண்ணைப் பெற்றவர் பெயர் என்ன? ஆகாசராஜன். ஆகாயத்தையே பெயராக வைத்துக்கொண்ட ராஜா ஆண்ட ஊரில் ஆகாயத்தைப் பேசாமல் வேறு எங்கே போய்ப் பேசுவது?

அந்தக் கல்யாணத்துக்கு அரைத்தது என்று ஒரு பெரிய திருகைக் கல்லை இந்தக் கோயிலில் காட்டுவார்கள். சின்ன வயதில் மாமா வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் சாமியைவிட அந்தக் கல்லைத்தான் அதிகம் பார்த்தேன். சாமியைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும். கல்லுக்கு வரிசை கிடையாது. எனக்கு அப்போது இருந்த சந்தேகம் ஒன்றுதான்: இவ்வளவு பெரிய கல்லை யார் சுற்றினார்கள்? கதையில் மாப்பிள்ளை பெயர் இருக்கிறது, மாமனார் பெயர் இருக்கிறது, கல்யாணச் செலவுக்குக் கடன் கொடுத்த குபேரன் பெயர்கூட இருக்கிறது. அரைத்தவர் பெயர் இல்லை. பாட்டியிடம் கேட்டேன். "வேலையைப் பாருடா" என்றாள். அந்தச் சந்தேகத்தைத்தான் இன்று நிலா வரைக்கும் இழுத்துக்கொண்டு போகப் போகிறேன்.

ஸ்டீம்பங்க் என்று ஒரு கதை வகை இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் 1987இல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் பாதி விளையாட்டாக வைத்த பெயர் இது. பெட்ரோலும் கம்ப்யூட்டரும் வராமல், நீராவி இன்ஜின் காலமே நீண்டுகொண்டு போயிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்வார்கள். பித்தளைக் குழாய், பல்சக்கரம், கரி, புகை, பாய்லர். அதிலேயே ஆகாயக் கப்பல் பறக்கும், அதிலேயே மூளையுள்ள இயந்திரம் ஓடும், அதிலேயே நிலாவுக்கும் போய்க் குடியேறுவார்கள். இளைஞர்களுக்கு இதில் என்ன மயக்கம் என்று கேட்டால், புகை மயக்கம் அல்ல என்பேன். இயந்திரத்தின் வயிறு வெளியே தெரிகிறது, அதுதான் மயக்கம். கையில் இருக்கும் செல்போனைத் திறந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. நீராவி இன்ஜினைப் பார்த்தால் எது எதைத் தள்ளுகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

அந்த மயக்கம் நெசவாளர்களான உங்களுக்கு வராது. ஏனென்றால் அந்த வகைக் கதையின் இருதயமே உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஜக்கார்டு பெட்டியைச் சொல்கிறேன்.

தெரியாதவர்கள் சிலரும் வந்திருப்பதால் கொஞ்சம் விளக்குகிறேன், நெசவாளர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தறிக்கு மேலே ஒரு பெட்டி. அதில் வரிசை வரிசையாக ஊசிகள். ஒவ்வொரு ஊசியும் ஒரு கொக்கியைப் பிடித்திருக்கும். ஓட்டை போட்ட அட்டை ஒன்று வந்து ஊசிகளின் மேல் அழுந்தும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும், அதன் கொக்கி அசையாமல் நிற்கும். மேலே ஏறும் தகடு அந்தக் கொக்கியை மாட்டிக்கொண்டு தூக்கும், பாவு நூல் எழும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னால் தள்ளிவிடும், கொக்கி விலகும், நூல் கீழேயே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. இப்படிக் கோத்த அட்டைகள் நூற்றுக்கணக்கில் சுற்றி வந்தால் முந்தானையில் மயில் தோகை விரிக்கும். உண்டு, இல்லை, உண்டு, இல்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பாஷை இன்றைக்கும் இவ்வளவுதான்.

ஜோசப் மாரி ஜக்கார்டு பிரான்சில் இதைக் கொண்டுவந்தது 1804ஐ ஒட்டி. முப்பது வருஷம் கழித்து இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், அட்டைகளைக் கொண்டு பூவை நெய்யலாம் என்றால் கணக்கையும் நெய்யலாமே என்று யோசித்தார். ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று அவரிடம் இருந்தது. 24,000 அட்டைகளில் நெய்தது. அதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டி மகிழ்வாராம். அவர் திட்டமிட்ட கணக்கு இயந்திரம் நீராவியில் ஓட வேண்டியது. கடைசி வரைக்கும் கட்டி முடிக்கவில்லை. கட்டி முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 1990இல் வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து ஒரு நாவல் எழுதினார்கள். ஸ்டீம்பங்க் என்றால் இன்றைக்கும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நாவல் முழுக்க அட்டைகள்தான். நம் ஊரில் அட்டை அறுந்தால் ஊசி நூல் எடுத்துத் தைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, நிலாவுக்கு வருவோம்.

1865இல் ஜூல்ஸ் வெர்ன் நிலாவுக்கு ஆள் அனுப்பினார், பீரங்கியில் வைத்து. 900 அடி நீளப் பீரங்கியைத் தரைக்குள்ளேயே குழி தோண்டி, சுற்றிலும் 1,200 உலை மூட்டி, ஒரே வார்ப்பாக வார்த்தார்கள் என்று எழுதினார். இதற்குப் பணம்? ஊர் உலகமெல்லாம் வசூல். 54 லட்சம் டாலர் சேர்ந்தது, இங்கிலாந்து மட்டும் காலணா கொடுக்கவில்லை என்று ஒரு குத்தும் குத்துகிறார். குபேரனிடம் கடன், உலகமெல்லாம் உண்டியல். ஆகாயத்தோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள எந்த ஊரிலும் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

பீரங்கியை எங்கே வைப்பது என்பதற்கு வெர்ன் ஒரு விதி சொன்னார். நிலா தலைக்கு நேர் மேலே வர வேண்டும். அதனால் நிலநடுக்கோட்டிலிருந்து 28 பாகைக்குள் இருக்கும் ஊராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸும் ஃப்ளோரிடாவும் எனக்கு உனக்கு என்று சண்டை போட்டு, ஃப்ளோரிடா ஜெயித்தது. நூறு வருஷம் கழித்து அப்போலோ நிஜமாகவே ஃப்ளோரிடாவிலிருந்துதான் கிளம்பியது. வெர்ன் விதிப்படி பார்த்தால் நாராயணவனத்துக்கும் முழுத் தகுதி உண்டு, 13 பாகை சொச்சத்தில் உட்கார்ந்திருக்கிறோம். சிரிக்காதீர்கள். சந்திரயான் ஒன்று 2008இலும் இரண்டு 2019இலும் கிளம்பியபோது ஸ்ரீஹரிகோட்டா நெல்லூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறந்தது, ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் சூளூர்பேட்டைப் பக்கம் நம்மோடு சேர்ந்தது. 2023 ஜூலை 14ஆம் தேதி சந்திரயான் மூன்று கிளம்பியபோது அது நம் மாவட்டத்திலிருந்து கிளம்பியது. ஆகஸ்ட் 23 சாயங்காலம் நிலாவின் தென்துருவப் பக்கம் போய் உட்கார்ந்தது. ஆகாசராஜனுக்கு யாராவது சொல்லியனுப்பியிருக்கலாம்.

வெர்ன் நம்மை மறந்தவர் அல்ல. கேப்டன் நீமோவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கடலுக்கடியில் கப்பல் ஓட்டுகிறவன். முதலில் அவனை ரஷ்யாவால் குடும்பத்தை இழந்த போலந்துக்காரனாகத்தான் வெர்ன் நினைத்தார். ரஷ்யாவில் புத்தகம் விற்காதே என்று பதிப்பாளர் முகம் சுளித்தார். 1875இல் முடிந்த 'மர்மத் தீவு' நாவலில் நீமோ யார் என்று தெரிகிறது: பந்தேல்கண்டு இளவரசன் டக்கார், திப்பு சுல்தானின் உறவினன், 1857இல் வெள்ளைக்காரனோடு போரிட்டுத் தோற்றவன். 1880இல் இன்னொரு நாவல், அதில் நீராவியில் ஓடும் இரும்பு யானை ஒன்று இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து வட இந்தியாவுக்குள் போகிறது. தும்பிக்கை வழியாகப் புகை. ஏறியிருப்பவர்கள் வெள்ளைக்கார துரைகள். கடைசியில் பாய்லர் வெடித்து யானை சிதறுகிறது. யானையும் நம்முடையது, ஊரும் நம்முடையது, வீட்டுக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்கள் மட்டும் வேறு ஆட்கள்.

திப்புவைச் சொன்னதால் ஒன்று. அவருடைய அப்பா ஹைதர் அலி உயிர் விட்டது இதே சித்தூர்ச் சீமையில், நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில், 1782 டிசம்பரில். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் கும்பினிப் படையின் வெடிமருந்து வண்டிகளைச் சிதறடித்தவை இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து மூங்கிலில் கட்டிய வாணங்கள். அந்த வாணத்தைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் ராக்கெட் செய்தார். நாம் வாணம் விட்ட சங்கதி வெளிநாட்டார் கதையில் ஓர் இளவரசனின் கோபமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் 'லூனார் காலனி' என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தேன் என்று வையுங்கள். 'நிலாக் காலனி' என்று எழுதின உடனே பேனா நிற்கிறது. காலனி என்றால் நமக்கு என்ன? வெள்ளைக்காரன் பிடித்து ஆண்ட நாடு, பள்ளிக்கூடப் பாடத்தில். ஹவுசிங் போர்டு காலனி, பேருந்து நிறுத்தத்தில். மூன்றாவதை எல்லோரும் அறிவோம், மேடையில் சொல்லத்தான் கூச்சம். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். நடுவில் ஒரு ஓடை, அல்லது ஒரு வயல், அல்லது ஒரு சாக்கடை. "எந்தப் பக்கம்? ஊரா, காலனியா?" என்று கேட்டால் அட்ரஸைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கிறார்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தே எடுக்கிறோம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்.

ஆகவே நம் பாஷையில் நிலாக் காலனி என்று ஒரு நாவல் வந்தால், முதல் பக்கத்திலேயே கேள்வி வந்துவிடும்: அப்படியானால் நிலாவில் ஊர் எது?

வெளிநாட்டு எழுத்தாளர்கள் எல்லோரும் இதைத் தவறவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். எச். ஜி. வெல்ஸ் 1901இல் எழுதிய நிலா நாவலைப் படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. நிலாவுக்குள்ளே குகை குகையாகப் போகிறது. அங்கே வாழ்கிறவர்கள் எறும்பு மாதிரி. எந்த வேலைக்கு எவன் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடும். இயந்திரம் பார்க்க வேண்டிய பிள்ளையை ஜாடிக்குள் அடைத்து, கை மட்டும் வெளியே நீண்டு வளரும்படி விட்டு வைத்திருப்பார்கள். உடம்பு சூம்பும், கை வளரும். வேலை இல்லாத நாளில் அவனுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்கப் போட்டுவிடுவார்கள். வெல்ஸ் தன் நாட்டுத் தொழிற்சாலைகளை நினைத்து எழுதியிருப்பார். நமக்கு அந்த ஜாடியை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது.

நீராவி யுகத்தில் நம் ஜனங்களும் வேறு உலகத்துக்குப் போய்க் குடியேறினார்கள், அதற்கு நாவல் வேண்டாம், பதிவேடு இருக்கிறது. 1860 அக்டோபரில் மதராஸ் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கிளம்பியது. நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் டர்பன் போய்ச் சேர்ந்தது. 342 பேர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள். அந்தத் தலைமுறைகளில் நேட்டாலுக்குப் போனவர்களில் வட ஆற்காட்டார் நிறைய. அப்போது வட ஆற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர்தான். ஆளுக்கு ஓர் எண். தெரியாத மண், தெரியாத வானம், திரும்பி வருவோமா என்று தெரியாது. சிலோனுக்குப் போனவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்தில் லயன் வீடு, கங்காணி, விடியற்காலையில் ஆள் எடுக்கும் பிரட்டு. இதைவிடக் கச்சிதமாக ஒரு நிலாக் குடியேற்றத்தை யார் கற்பனை செய்ய முடியும்? மூச்சு விடக் காற்று இருந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அமெரிக்காவின் ராபர்ட் ஹைன்லைன் 1966இல் எழுதிய நாவலில் நிலா ஒரு கைதிக் குடியிருப்பு. அங்கே சுரங்கத்தில் பனிக்கட்டி வெட்டி, கோதுமை விளைவித்து, கவண்கல் மாதிரி பூமிக்கு வீசுவார்கள். யாருக்குத் தெரியுமா? பசியில் கிடக்கும் இந்தியாவுக்கு! நாம் நிஜமாகவே அமெரிக்கக் கோதுமைக்கு வரிசையில் நின்ற வருஷம் அது. நிலாவில் பாடுபடும் கைதி ஒருவன், பூமியில் ரேஷன் வரிசையில் நிற்கும் நாம். அந்த இரண்டு பேரும் சந்தித்துப் பேசிக்கொள்கிற அத்தியாயத்தை ஹைன்லைன் எழுதவில்லை. அதைத் தமிழில் ஒருவர் எழுதலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நம் பக்கத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1905இல் மதராஸில் கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கிலப் பெண்கள் பத்திரிகையில் வங்காளத்து ரொக்கையா பேகம் 'சுல்தானாவின் கனவு' எழுதினார். அந்தக் கனவு நாட்டில் பெண்கள் சூரிய வெப்பத்தைப் பிடித்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து தண்ணீர் இறக்குகிறார்கள், வானத்தில் வண்டி ஓட்டுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள்ளே. ரொக்கையா முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதில் ஒன்று அடுப்படி. கரி இல்லை, புகை இல்லை. மேல்நாட்டு நீராவிக் கதைகளில் கதாநாயகனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. சினிமாவையும் சொல்லிவிடுகிறேன். 1963இல் எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி'யில் வேறு கிரகத்துக்காரர்கள் வந்து பானுமதி அம்மாவைத் தூக்கிக்கொண்டு போவார்கள், தங்கள் ஜனங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க. அவ்வளவு விஞ்ஞானம் தெரிந்தவர்களுக்கும் வாத்தியார் வேலைக்கு நம்மூர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

இனி ஒரு நாவல் எழுதினால் எப்படி இருக்க வேண்டும்? எனக்குத் தெரிந்த சில சாமான்களை எடுத்து வைக்கிறேன். நிலாவில் காற்று கிடையாது, கரி எரியாது. ஆனால் பதினான்கு நாள் விடாமல் வெயில். கண்ணாடி வைத்து வெயிலைக் குவித்தால் பாய்லர் கொதிக்கும். நிழல் பக்கம் கடுங்குளிர், அங்கே நீராவியைக் குளிர வைத்து மறுபடி தண்ணீராகப் பிடிக்கலாம். ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது. பிறகு பதினான்கு நாள் ராத்திரி. சந்திரயான் மூன்றின் விக்ரம் லேண்டர் 2023 செப்டம்பரில் அந்த ராத்திரியில்தான் தூங்கியது, எழுந்திருக்கவில்லை. வீடு கட்டுவது எப்படி? பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் 2020இல் ஒரு வழி சொன்னார்கள். நிலா மண் மாதிரியான பொடி, ஒரு வகைப் பாக்டீரியா, யூரியா, கொத்தவரைக் கோந்து. எல்லாம் சேர்ந்தால் செங்கல் மாதிரி இறுகுகிறது. அந்த யூரியாவை மனித மூத்திரத்திலிருந்து எடுக்கலாம். பரிசோதனைக்கான நிலா மண்ணுக்கு நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையை வெட்டி அரைத்தார்கள். மறுபடியும் பாருங்கள், அரைத்தவர் பெயர் செய்தியில் இல்லை. நாளைக்கு நிலாவில் அந்த மூத்திரத்தைச் சேர்த்து எடுத்து வரும் வேலை யாருக்கு என்று நாவலாசிரியர் முடிவு செய்தாக வேண்டும். இங்கே பூமியில் அதை யார் தலையில் கட்டினோம் என்று நமக்குத் தெரியும். சந்திர ஆராய்ச்சியையும் தெருக்கூட்டும் வேலையையும் ஒரே மூச்சில், இரண்டும் படிக்க வேண்டிய சாஸ்திரம் என்று பாட்டில் வைத்தவர் பாரதி. முதல் பாதியை மட்டும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு எடுத்துக்கொண்டோம்.

போன மாதம் மாமாவிடம் சும்மா கேட்டேன். "மாமா, நிலாவில் உன் ஜக்கார்டு தறியைப் போட்டால் ஓடுமா? அங்கே எடை ஆறில் ஒரு பங்குதான்." அவர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது தாண்டாதவர். பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"பூ விழாதுடா மாப்ளே."

"ஏன்?"

"எழுந்த நூலைக் கீழே இழுக்கறது எது? அடியில தொங்குதே இரும்புக் கம்பி, அந்த கனம்தான். கனம் இல்லேன்னா நூல் பாதியிலேயே நிக்கும், நாடா மாட்டிக்கும். ஆறு பங்கு கம்பி கட்டணும். இல்லேன்னா ஸ்பிரிங் போடணும். ஸ்பிரிங் குளிர்ல நிக்குமா, அதை நீ கேட்டுச் சொல்லு."

நான் படித்த எந்த நிலா நாவலிலும் இந்தக் கேள்வி இல்லை. அங்கெல்லாம் ஆட்கள் துணி உடுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நேரம் ஆகிவிட்டது. வரும்போது மாமா தறியிலிருந்து ஒரு கோப்பு அட்டை எடுத்து வந்திருக்கிறேன். இதில் ஒரே ஓர் அட்டையில் ஓர் ஓட்டை தப்பாக விழுந்திருக்கிறது. அதனால் ஒரு சேலை முழுக்க அன்னத்தின் கழுத்தில் கோடு விழுந்து, வாங்கினவர் திருப்பி அனுப்பிவிட்டார். முன் வரிசையிலிருந்து கை மாற்றிக் கை மாற்றிப் பாருங்கள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தெரியும். கண்டுபிடித்தவர்கள் மேடைக்கு வந்து சொல்லுங்கள், நாவலின் முதல் அத்தியாயத்தை அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். பார்த்துவிட்டு மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விடிந்தால் மாமாவுக்குத் தறி ஓட்ட வேண்டும்.